வயதோடு பிரஷரும் ஏறத்தான் வேண்டுமா?



"உம்மாவுக்கு அறுபது வயசு. பிரஷர் நூற்று அறுபது. வயசோடு நூறைக் கூட்டிப் பாருங்கள், கணக்குச் சரியாகத்தானே இருக்கிறது!"

இந்தக் கணக்கை நீங்களும் எங்காவது கேட்டிருப்பீர்கள். கலியாண வீட்டில் கேட்டிருப்பீர்கள், கிளினிக் வாங்கில் காத்திருக்கும்போது பக்கத்தில் இருந்தவர் சொல்லியும் கேட்டிருப்பீர்கள். சொல்வதற்கு இலகுவானது, மனதுக்கு ஆறுதலானது. ஆனால் பிழையானது. இதை நம்பி வீட்டில் இருந்துவிட்ட எத்தனையோ பேரைப் பாரிசவாதம் கட்டிலில் கிடத்தியிருக்கிறது.

எந்த வயதுக்கு எந்த அளவு ஆரோக்கியமானது, எந்த ஏற்றத்துக்கு நாம் பயப்பட வேண்டும், அடுப்படியில் நிற்கும் நம் கையால் என்ன செய்ய முடியும் என்பவற்றைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம். இலுப்பைக்கடவை போன்ற கடலோரத்து ஊர்களில் வாழும் சகோதரிகளுக்கு இது இன்னும் அவசியம். கருவாடும் உப்பும் அங்கே அன்றாடச் சாப்பாடு. பெரிய வைத்தியசாலையோ கூப்பிடு தூரத்தில் இல்லை. ஏ-32 வீதியில் நெடுந்தூரம் மன்னாருக்குப் போக வேண்டும்.

இரண்டு எண்கள் எதற்கு?

கிளினிக் கொப்பியில் 'குருதி அமுக்கம்' என்று எழுதி, 120/80 என்பதுபோல் இரண்டு எண்களைக் குறித்திருப்பார்கள். வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் தள்ளும்போது குழாயின் சுவரில் தண்ணீர் மோதுகிறது. நம் இதயமும் அப்படித்தான். அது சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது இரத்தக் குழாயின் சுவரில் ஏற்படும் அழுத்தமே மேல் எண். அடுத்த துடிப்புக்கு முன் இதயம் தளர்ந்திருக்கும் வேளையில் மிஞ்சியிருக்கும் அழுத்தம் கீழ் எண். இரண்டையும் மில்லிமீட்டர் பாதரசத்தில் கணக்கிடுகிறார்கள்.

வளர்ந்தவர்களுக்கு 120/80க்குக் கீழே இருப்பது சிறப்பு. வைத்தியசாலையில் வெவ்வேறு நாட்களில் அளந்தும் மேல் எண் 140 அல்லது அதற்கு மேலாக, இல்லாவிட்டால் கீழ் எண் 90 அல்லது அதற்கு மேலாக இருந்தால் அது உயர் இரத்த அழுத்தம். இரண்டில் ஒன்று கூடினாலே போதும். உலக சுகாதார அமைப்பின் எல்லைக்கோடு இதுதான். அமெரிக்க இதய மருத்துவர்கள் 2017இல் இக்கோட்டை 130/80 ஆக இறக்கிவிட்டார்கள். ஆகவே 120க்கும் 140க்கும் நடுவில் இருப்பவர்கள் நோயாளிகள் இல்லாவிட்டாலும், கவலையற்று இருந்துவிட முடியாது.

இந்தக் கோடு இருபது வயதுக்காரிக்கும் ஒன்றுதான், எழுபது வயதுக்காரிக்கும் ஒன்றுதான். முக்கியமான விஷயமே இதுதான் சகோதரிகளே!

பழைய கணக்கு எப்படி வந்தது?

'வயசோடு நூறு' என்பது நம் ஊர்ப் பெரியவர்கள் இட்டுக்கட்டியதல்ல. ஒரு காலத்தில் படித்த வைத்தியர்களே அப்படித்தான் எண்ணினார்கள். வயதாகிக் குழாய்கள் ஒடுங்கும்போது இரத்தத்தைத் தள்ளுவதற்குக் கூடுதல் அழுத்தம் அவசியம், அதைக் குறைப்பது கெடுதி என்று நம்பினார்கள்.

அந்த எண்ணத்துக்கு விலை கொடுத்தவர்களில் ஒருவர் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட். 1944 மார்ச்சில் அவருடைய அழுத்தம் 186/108 என்று பதிவானது. இன்று நம் ஊர் வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரைகளில் ஒன்றுகூட அன்று உலகத்தில் இல்லை. 1945 ஏப்ரல் 12ஆம் திகதி கடுமையாகத் தலை வலிக்கிறது என்றார், மயங்கிச் சாய்ந்தார். மூளையில் இரத்தக் கசிவு. அப்போது அளந்தபோது 300/190. வயது 63தான்.

பிறகு ஆய்வுகள் வந்தன. 60 வயதைத் தாண்டிய 4,736 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 1991இல் வெளியானது. மேல் எண்ணை மாத்திரையால் குறைத்தவர்களிடையே பாரிசவாதம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. "எண்பதைத் தாண்டியவர்களுக்கு இனி எதற்கு மருந்து?" என்ற கேள்விக்கு 2008இல் பதில் கிடைத்தது. அந்த வயதுடைய 3,845 பேரிடம் நடந்த ஆய்வில், மருந்து எடுத்தவர்களிடையே மரணங்களும் குறைந்தன. நன்மை தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி முடித்துவிட்டார்கள்.

வயதோடு பிரஷர் ஏறுவது படைப்பின் நியதியா என்றால் அதுவுமில்லை. 1988இல் 32 நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரின் உப்பையும் அழுத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பெரிய ஆய்வொன்று வெளியானது. அதில் அமேசன் காட்டில் வாழும் யனோமாமி மக்களும் இருந்தார்கள். உப்பு என்பதையே அறியாதவர்கள். அவர்களுடைய சராசரி அழுத்தம் ஏறத்தாழ 95/61. வயது கூடியபோதும் அது ஏறவில்லை! ஏற்றம் பலருக்கும் இருக்கிறது என்பதற்காக அது ஆரோக்கியமாகிவிடாது.

பிள்ளைகளுக்கு

மேலே சொன்ன கோடு சின்னப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. அவர்களுடைய அழுத்தம் நம்மைவிடக் குறைவு. பிறந்த குழந்தைக்கு மேல் எண் 70 அளவில் இருக்கும். ஐந்து வயதில் 95 அளவுக்கும் பத்து வயதில் 100ஐச் சற்றுத் தாண்டியும் வரும். பிள்ளையின் வயது, உயரம், ஆணா பெண்ணா என்பவற்றைப் பார்த்து, அட்டவணையோடு ஒப்பிட்டே வைத்தியர் முடிவு சொல்வார். பதின்மூன்று வயதிலிருந்து 120/80க்குக் கீழே என்ற பெரியவர்களின் அளவே நல்ல அளவு.

ஆரோக்கியமாக ஓடியாடும் பிள்ளைக்கு இதை நினைத்து அஞ்சத் தேவையில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சிரங்கோ தொண்டை நோவோ வந்து ஓரிரு கிழமைகளில் பிள்ளையின் முகம் காலையில் வீங்கியிருக்கிறதா? சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போகிறதா? அது சிறுநீரகம் அழற்சியுற்றதன் அடையாளமாக இருக்கலாம். அப்போது அழுத்தமும் திடீரென்று ஏறும். கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். உடல் பருத்த பிள்ளைகளுக்கும் இப்போது அழுத்தம் கூடிக் காணப்படுகிறது. பை நிறைய மிக்ஸரும் சிப்ஸும் வாங்கிக் கொடுப்பது அன்பல்ல.

இளம் பெண்களும் கர்ப்பிணிகளும்

இருபது, முப்பது வயதுப் பெண்களுக்கு 110/70, ஏன் 90/60 கூட இருக்கலாம். மயக்கம், தலைசுற்று எதுவுமில்லையென்றால் அது நோயல்ல. "எனக்கு லோ பிரஷர்" என்று சொல்லி உப்புக் கரைத்துக் குடிக்க வேண்டியதுமில்லை.

கர்ப்ப காலத்தில் கதை வேறு. நடு மாதங்களில் அழுத்தம் இயல்பாகவே கொஞ்சம் இறங்கும். 20 வாரங்களுக்குப் பிறகு 140/90ஐத் தொட்டால் அதை லேசாக விடக்கூடாது. சிறுநீரில் புரதமும் காணப்பட்டால் தாய்க்கு வலிப்பு வரலாம், சிசுவின் வளர்ச்சி குன்றலாம். 160/110ஐ எட்டினால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. கடுமையான தலைவலி, கண் மங்குதல், நெஞ்சுக்குக் கீழே மேல்வயிற்றில் நோவு, முகமும் கைகளும் திடீரென்று வீங்குதல் ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள். "பிள்ளைத்தாச்சிக்குக் கால் வீங்கத்தானே செய்யும்" என்று மாமி சொன்னாலும், இவற்றில் ஒன்றைக் கண்டால் புறப்பட்டுவிடுங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் சில நாட்களிலும் இந்த ஆபத்து உண்டு.

ஆகவேதான் கிளினிக்குக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் கையில் பட்டியைச் சுற்றுகிறார்கள். "பிள்ளை நன்றாகத் துடிக்கிறது, இந்த மாதம் போகாவிட்டால் என்ன?" என்று நின்றுவிடாதீர்கள்.

கடலோரத்துச் சகோதரிகளுக்கு மேலும் ஒரு செய்தி. கடலோரக் கிணறுகள் சிலவற்றில் தண்ணீர் உவர்க்கும் அல்லவா? வங்காளதேசத்தின் டாகோப் என்ற கடலோரப் பகுதியில் கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வுகள் 2011இலும் 2014இலும் வெளியாயின. குடிநீரில் உப்பு கூடக்கூட, கர்ப்பகால உயர் அழுத்தமும் வலிப்பு நோயும் கூடியிருந்தன. மழைநீர் குடித்தவர்களுக்கு ஆபத்து குறைவாக இருந்தது. வீட்டுக் கிணறு உவர்த்தால், கர்ப்பிணிக்காவது நல்ல தண்ணீரை வேறாக எடுத்து வையுங்கள். கொதிக்க வைப்பதால் கிருமி சாகும், உப்பு போகாது.

கர்ப்பத்தில் அழுத்தம் ஏறிய தாய்மாருக்குப் பிற்காலத்தில் அது நிரந்தரமாக வரும் வாய்ப்பு அதிகம். பிள்ளை பிறந்ததும் அளவு இறங்கிவிட்டாலும், வருடத்துக்கு ஒரு தடவை அளந்து பாருங்கள். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை தொடங்குமுன்னும் அளக்க வேண்டும். சில மாத்திரைகள் அழுத்தத்தைக் கூட்டும்.

நாற்பதைத் தாண்டியவர்கள்

இளமையில் பெண்களின் அழுத்தம் ஆண்களைவிடக் குறைவாகவே இருக்கும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் அந்த நிலை மாறுகிறது. உடல் பருக்கிறது, குழாய்கள் இறுகத் தொடங்குகின்றன, உப்பு உடம்பில் கூடுதலாக வேலை காட்டுகிறது. நமக்கோ அந்த வயதில்தான் மகளின் கலியாணம், மகனின் வெளிநாட்டுப் பயணம், மாமியின் படுக்கை என்று வேலைகள் குவிகின்றன. தலை வலித்தால் ஒரு பெனடோல், களைத்தால் ஒரு தேநீர், அத்தோடு சரி!

உயர் அழுத்தம் பெரும்பாலும் எந்த அடையாளமும் காட்டாது. உலகில் இந்நோய் உள்ள வளர்ந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. தலை சுற்றினால்தான் பிரஷர் என்று காத்திருப்பவர், சிறுநீரகமும் கண்ணும் இதயமும் பழுதாகும்வரை காத்திருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

அறுபதுக்கு மேல்

முதுமையில் குழாய்கள் விறைத்துப் போகும். பழைய ரப்பர் குழாய் இளகும் தன்மையை இழப்பதைப் போன்றது இது. அதனால் மேல் எண் ஏறும், கீழ் எண் இறங்கும். 165/70 என்று கண்டதும் "கீழே நல்லாயிருக்கு" என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். இந்த வயதில் மேல் எண்ணே பாரிசவாதத்துக்கு வழிகாட்டி. 140க்குக் கீழே கொண்டுவர வேண்டும். உடம்பு தாங்கினால் 130 அளவுக்குக் கொண்டுவரலாம். மிகவும் தளர்ந்த முதியவருக்கு எவ்வளவு போதும் என்பதை வைத்தியரே முடிவு செய்வார்.

மருந்து எடுக்கும் முதியவர்கள் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். சஹருக்கோ சுபஹுக்கோ எழும்பும்போது முதலில் கட்டிலில் சற்று உட்கார்ந்து, பிறகு பிடித்துக்கொண்டு எழச் சொல்லுங்கள். விழுந்து இடுப்பு முறிந்தால் அது இன்னொரு துன்பம். அடிக்கடி சுற்றினால், நின்ற நிலையிலும் அளக்கும்படி வைத்தியரிடம் கேளுங்கள்.

அளப்பதிலும் ஒழுங்கு உண்டு

பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்து கையை நீட்டினால் எண் கூடித்தான் காட்டும். அளப்பதற்கு அரை மணி நேரத்துக்கு முன் தேநீர், வெற்றிலை, புகையிலை வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டும்.

நம் பெண்கள் கவனிக்க வேண்டியது உடையை. முழுக்கைச் சட்டையை இறுக்கிச் சுருட்டினாலும், தடித்த துணியின் மேல் பட்டியைச் சுற்றினாலும் அளவு பிழைக்கும். கிளினிக் நாளில் அபாயாவுக்குள் தளர்வான அரைக்கைச் சட்டை அணிந்து போங்கள். தாதி ஒருவர் திரைமறைவில் அளக்கும்படி தயங்காமல் கேளுங்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டியைச் சுற்றினாலும் எண் பொய்யாகக் கூடும்.

வீட்டுக்கு மெஷின் வாங்குவதானால் மணிக்கட்டில் கட்டுவதைவிட மேற்கையில் கட்டுவது நல்லது. ஒரு நிமிட இடைவெளி விட்டு இரண்டு தடவை அளந்து எழுதி வையுங்கள். வீட்டில் மனம் அமைதியாக இருப்பதால், அங்கே எல்லைக்கோடு 135/85 என்று கொள்ள வேண்டும்.

சட்டியில் விழும் உப்பு

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. அது ஒரு தேக்கரண்டி அளவு. கறியில் போடுவதும், கருவாட்டிலும் மாசியிலும் பிஸ்கட்டிலும் ஒளிந்திருப்பதும் எல்லாம் சேர்ந்துதான் இந்த அளவு.

மன்னாரிலும் புத்தளத்திலும் ஆனையிறவிலும் உப்பளங்களைக் கண்டு வளர்ந்த நமக்கு உப்புக் குறைந்த சாப்பாடு சப்பென்று இருக்கத்தான் செய்யும். ஆனால் நாக்கு பழகும். ஒரே நாளில் நிறுத்தாமல், கிழமைக்குக் கொஞ்சமாகக் குறைத்து வாருங்கள். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரை ஊற்றிவிட்டு, மீண்டும் கழுவிச் சமையுங்கள். கருவாட்டுக் கறிக்கு வேறாக உப்புப் போட வேண்டாம். நாளாந்தம் வேண்டாம், எப்போதாவது வைத்துக்கொள்ளுங்கள். புதுமீன் கிடைக்கும் கரையில் இருந்துகொண்டு கருவாட்டை ஏன் தேட வேண்டும்? புளி, எலுமிச்சை, மிளகு, இஞ்சி, கறிவேப்பிலை ஆகியவை உப்பின் குறையை மறைக்கும். சூப் கட்டி, அச்சாறு, அப்பளம், சோஸ் ஆகியவற்றைக் குறையுங்கள். சாப்பாட்டு மேசையில் உப்புக் கிண்ணம் இருக்க வேண்டாம்.

முருங்கைக் கீரை, வல்லாரை, வாழைப்பழம், பருப்பு ஆகியவை அழுத்தத்துக்கு நல்லவை. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நாளுக்கு அரை மணி நேரம் நடப்பதும், கூடிய எடையைக் குறைப்பதும், புகையிலையை விடுவதும் மருந்துக்குத் துணை நிற்கும்.

நோயாளிக்கென்று தனிச் சட்டி வைக்க வேண்டியதில்லை. பேரப்பிள்ளையும் வாப்பாவும் ஒரே சட்டியில்தானே சாப்பிடுகிறார்கள்? அந்தச் சட்டியில் உப்புக் குறைந்தால் மூன்று தலைமுறைக்கும் நன்மை.

மாத்திரையும் நோன்பும்

"எண் இறங்கிவிட்டது, மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்பவர்கள் பலர். எண் இறங்கியதே மாத்திரையால்தான். "மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்" என்பதும் தலைகீழான பேச்சு. கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத பிரஷர். மூட்டு வலிக்கென்று கடையில் தானாக வாங்கி விழுங்கும் சில நோவு மாத்திரைகள்தான் அழுத்தத்தையும் கூட்டும், கிட்னியையும் வருத்தும். பக்கத்து வீட்டு ராத்தாவின் மாத்திரையைக் கடன் வாங்கி விழுங்குவதும் ஆபத்து.

ரமழான் வருமுன்னரே வைத்தியரைக் காணுங்கள். நாளுக்கு ஒரு வேளை எடுக்கும் மாத்திரையை நோன்பு திறக்கும் நேரத்துக்கோ சஹருக்கோ மாற்றித் தர அவரால் முடியும். சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரையைப் பொதுவாக நோன்பு திறந்த பின் எடுப்பதே வசதி. நீங்களாகக் கைவிடுவதுதான் கூடாது. நோன்பு கூடாது என்று வைத்தியர் சொன்னால், நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை ஏற்றுக்கொள்வதில் வெட்கமில்லை. நோன்புக் கஞ்சியில் உப்பைக் குறையுங்கள், சமோசாவையும் ரோல்ஸையும் எண்ணிச் சாப்பிடுங்கள்.

உதவி எங்கே இருக்கிறது?

நம் நாட்டில் 35 வயதைத் தாண்டிய எவரும் அரச வைத்தியசாலையின் ஆரோக்கிய வாழ்வு நிலையத்தில் இலவசமாக அழுத்தமும் சீனியும் பார்த்துக்கொள்ளலாம். இந்நிலையங்கள் 2011இல் தொடங்கியவை. பெண்களுக்கென்று 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்கும் நடக்கிறது. எந்த நாள், எந்த இடம் என்று உங்கள் மருத்துவமாதுவிடம் கேளுங்கள்.

வீடு தேடி வரும் சுகாதார ஊழியரைத் திண்ணையோடு அனுப்பிவிடாதீர்கள். இலங்கை, பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமியச் சமூகங்களில் நடந்த ஆய்வொன்று 2020இல் வெளியானது. 2,645 நோயாளிகள் அதில் பங்குபற்றினார்கள். இலங்கையில் அது நடந்தது 1990க்குப் பின் நம் மன்னார் உறவுகள் பலர் வாழ்ந்துவரும் புத்தளம் மாவட்டத்தில்தான். ஊழியர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்குப் போய் அளந்து புத்தி சொன்னார்கள், வைத்தியர்களுக்கும் பயிற்சி தரப்பட்டது. இரண்டு வருட முடிவில் அந்தக் கிராமங்களில் மேல் எண் மற்றக் கிராமங்களைவிட ஏறத்தாழ 5 புள்ளிகள் கூடுதலாக இறங்கியிருந்தது.

வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால் கைமருந்து தேடாதீர்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே 1990 என்ற எண்ணை அழையுங்கள். இலவச 'சுவசெரிய' அம்புலன்ஸ் சேவை 2018 முதல் வடக்கிலும் உண்டு. வடக்கு முஸ்லிம்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட வருடமும் 1990தான். ஆகையால் நம் வீட்டாருக்கு இந்த எண்ணை மனப்பாடம் செய்து கொடுக்க வேண்டியதில்லை. எதற்கான எண் என்பதை மட்டும் சொல்லி வையுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கும்தான்.

சகோதரிகளே! வாப்பாவின் மாத்திரை நேரத்தை நினைவில் வைத்திருப்பவர் நீங்கள். பிள்ளையின் ஊசித் திகதியை மறக்காதவரும் நீங்களே. உங்களுடைய சொந்த எண் என்ன என்று யாராவது கேட்டால் சொல்ல முடியுமா? முடியாவிட்டால், இந்தக் கிழமையே போய்க் கையை நீட்டுங்கள். அந்த இரண்டு எண்களைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த தடவை யாராவது 'வயசோடு நூறு' என்று கணக்குச் சொன்னால், சரியான கணக்கை அவருக்கும் சொல்லிக் கொடுங்கள்.